கவுன்டரில் நிற்பவரின் கண்ணும் குடிப்பவரின் ரத்தமும்

சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்குப் பகுதி நேர வேலை என்றால் அது உணவக வேலைதான். மது விற்கும் உரிமம் உள்ள உணவகமாக இருந்தால், வேலை கேட்டுப் போனவுடன் வரும் முதல் கேள்வி "ஆர்எஸ்ஏ இருக்கா?" என்பதுதான். பொறுப்போடு மது பரிமாறுவதற்கான பயிற்சிக்கு அங்கே வழங்கும் பெயர் அது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதை முடித்தவருக்கு ஒரு கார்டு கிடைக்கும், 5 வருடம் செல்லும். விக்டோரியாவில் 3 வருடத்துக்கு ஒருமுறை பாடத்தைப் புதுப்பிக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் கார்டு இல்லாமல் ஒரு பீர் கிளாஸை மேசைக்குக் கொண்டுபோய் வைக்கக் கூடாது. வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத பிள்ளை, குடித்தவனை எப்படி அடையாளம் காண்பது என்று உட்கார்ந்து படிக்கிறது. அந்தச் சான்றிதழை ஊரில் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார்களா என்பது வேறு விஷயம்.

இந்தப் பயிற்சியின் மையத்தில் இருப்பது ஒரே ஒரு விதி: போதையில் இருப்பவருக்கு மேலும் மது கொடுக்காதே. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் மது உடம்புக்குள் எப்படிப் போகிறது, எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு இதே விதியைப் பார்த்தால், கவுன்டரில் நிற்பவரிடம் சட்டம் எவ்வளவு சிரமமான வேலையைக் கொடுத்திருக்கிறது என்பது புரியும்.

நியூ சவுத் வேல்ஸின் 2007ஆம் ஆண்டு மதுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். போதை என்பதற்கு அதில் எந்த எண்ணும் இல்லை. ஒருவரின் பேச்சு, உடல் சமநிலை, கைகால் ஒத்திசைவு, நடத்தை ஆகியவற்றில் பார்த்தவுடன் தெரியும்படி மாற்றம் இருக்க வேண்டும். அந்த மாற்றம் மதுவால் வந்தது என்று நம்ப நியாயமான காரணமும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் அவர் போதையில் இருக்கிறார் என்று பொருள். சாலையில் மட்டும்தான் எண் வருகிறது. முழு லைசென்ஸ் உள்ளவருக்கு ரத்தத்தில் 0.05க்குக் கீழே, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். டாக்ஸி, பஸ் ஓட்டுபவர்களுக்கு 0.02. புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பூஜ்யம். (இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லிக்கு 30 மில்லிகிராம்.) போலீஸ்காரர் கையில் ஊதிப் பார்க்கும் கருவி இருக்கிறது. பரிமாறுபவருக்கு இருப்பது இரண்டு கண்ணும் காதும்தான்.

நியாயமான காரணம் என்ற அந்த இரண்டாவது பாதி சும்மா எழுதியதில்லை. சர்க்கரை திடீரென்று இறங்கிய நீரிழிவு நோயாளிக்கும் நாக்கு குழறும், நடை தள்ளாடும். தலையில் அடிபட்டவர், பக்கவாதத்தின் தொடக்கத்தில் இருப்பவர் எல்லோரும் வெளிப்பார்வைக்குக் குடித்தவர் போலத்தான் தெரிவார்கள். மூச்சில் வாடை வருகிறதா, இங்கே என்ன குடித்தார், எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறார், கூட வந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்த பிறகே முடிவுக்கு வரச் சொல்லி வகுப்பில் கற்றுக்கொடுக்கிறார்கள். குடிகாரன் என்று ஒதுக்கப்பட்டவர் உண்மையில் ஆம்புலன்ஸ் தேவைப்பட்ட நோயாளியாக இருக்கலாம்.

சரி, எண்ணாமல் இருந்துவிடலாமா? அதுவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் 10 கிராம் தூய ஆல்கஹாலை ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்று வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டிலின் லேபிளிலும் அதில் எத்தனை ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்று அச்சடித்திருக்கும். 40 சதவீத விஸ்கி 30 மில்லி ஊற்றினால் ஏறக்குறைய ஒன்று. ஸ்கூனர் எனப்படும் 425 மில்லி கிளாஸ் நிறைய வழக்கமான பீர் என்றால் 1.6. 100 மில்லி வைன் ஒன்று. ஆனால் உணவகத்தில் ஊற்றித் தருவது பெரும்பாலும் 150 மில்லி. "ரெண்டே கிளாஸ் வைன்தான்" என்று சொல்பவர் மூன்று குடித்திருப்பார்.

இந்தக் கணக்கை நம் ஊர் அளவுகளுக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் திகைப்பாகவே இருக்கும். இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி வகைகள் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், அதாவது ஆறு ஸ்டாண்டர்ட் டிரிங்க். கட்டிங் அடித்தால் மூன்று. 60 மில்லி லார்ஜ் என்றால் இரண்டு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் நாலு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், எந்த ஒரு நாளிலும் நாலுக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஒரு குவார்ட்டர் அந்த ஒருநாள் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

இனி உடம்புக்குள் போவோம். மதுவைச் செரிக்க வேண்டியதே இல்லை, அப்படியே உறிஞ்சப்படும். இரைப்பையில் கொஞ்சம் உறிஞ்சப்பட்டாலும் பெரும்பகுதி சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே ஏறும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வயிற்றில் சோறோ இறைச்சியோ இருந்தால் இரைப்பையின் வாய் மெதுவாகத் திறக்கும், மது தேங்கித் தேங்கி இறங்கும். வெறும் வயிற்றில் சடாரென்று போய்விடும். குடித்து அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அளவு உச்சத்தைத் தொடும். உட்கார்ந்து குடிக்கும் இடங்களில் மது விற்கும்போதெல்லாம் சாப்பாடும் கிடைக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். இலவசக் குடிநீரும் கட்டாயம்.

ரத்தத்தில் கலந்த மது உடம்பின் நீர் இருக்கும் இடமெல்லாம் பரவும். கொழுப்பில் அதிகம் சேராது. பெண்களின் உடலில் சராசரியாக நீரின் பங்கு குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் செறிவு கூடுதலாக இருக்கும். 70 கிலோ ஆண் ஒருவர் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் குடித்தால் கணக்குப்படி சுமார் 0.02 ஏறும், 55 கிலோ பெண்ணுக்கு அதுவே 0.03ஐத் தாண்டும். தாக்குப்பிடிக்கும் தைரியத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மூளையில் மது இரண்டு வேலை செய்கிறது. நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் விளைவைக் கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டின் விளைவைக் குறைக்கிறது. குறைந்த அளவிலேயே தடுமாறத் தொடங்குவது முன்மூளை: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று பிடித்து நிறுத்தும் பகுதி. அதனால்தான் முதல் மாற்றம் நடையில் தெரியாமல் பேச்சில் தெரிகிறது. சத்தம் கூடும், பக்கத்து மேசைக்காரரிடம் உறவு கொண்டாடத் தோன்றும், தேவையில்லாத ரகசியம் வெளியே வரும். சிறுமூளை பாதிக்கப்படும்போது கார்டை மெஷினில் தட்டக் கை தடுமாறுகிறது, சில்லறை கீழே விழுகிறது. பரிமாறுபவர்கள் ஆளின் முகத்தை விட அவர் கைகளைக் கவனிப்பார்கள். பணம் கொடுக்கும் அந்த அரை நிமிடத்தில் நிறையத் தெரிந்துவிடும். அளவு இன்னும் கூடினால் புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் நின்றுபோகிறது. ஆள் நடப்பார், பேசுவார், பில் கட்டுவார். காலையில் ஒன்றும் நினைவிருக்காது. அதற்கும் மேலே போனால் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி மந்தமாகும், வாந்தி எடுத்தால் புரையேறாமல் காக்கும் அனிச்சைச் செயலும் போய்விடும். போதையில் மயங்கியவரை மல்லாக்கப் படுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொல்வதும், "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று தனியே விட்டுவிடக் கூடாது என்பதும் இதனால்தான். குடித்து முடித்துப் படுத்த பிறகும் வயிற்றில் உள்ளது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும்.

வெளியேறும் வழியோ ரொம்பக் குறுகலானது. மூச்சு, வியர்வை, சிறுநீர் மூன்றும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. மீதி முழுவதும் கல்லீரலின் பொறுப்பு. அங்கே ஒரு நொதி மதுவை அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது, இன்னொரு நொதி அதைத் தீங்கற்ற அசிட்டேட்டாக மாற்றுகிறது. முதல் நொதிக்கு ஒரு உச்ச வேகம் உண்டு. அதைக் கொஞ்சம் மதுவே எட்டிவிடும். ரேஷன் கடையில் ஒரே ஒரு கவுன்டர் திறந்திருக்கும்போது வரிசையில் இருபது பேர் நின்றாலும் இருநூறு பேர் நின்றாலும் மணிக்கு இத்தனை பேர்தானே பொருள் வாங்கிக்கொண்டு போக முடியும்? அது மாதிரி, ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் மணிக்குச் சுமார் 0.015தான் இறங்கும், ஏறக்குறைய ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க். கறுப்புக் காபி, எலுமிச்சைச் சாறு, மோர், தலையில் குளிர்ந்த தண்ணீர் எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. காபி குடித்தவர் விழித்துக்கொண்டிருக்கும் போதைக்காரர், அவ்வளவுதான்.

நள்ளிரவில் 0.15ல் படுத்தவர் காலை ஏழு மணிக்கு எழும்போது 0.045ல் இருப்பார். குளித்துச் சட்டை மாற்றியாகிவிட்டது, தலைவலி மட்டும்தான் என்று நினைப்பார். புது லைசென்ஸ்காரராக இருந்தால் அந்தக் காலையில் வண்டி எடுப்பது குற்றம். டாக்ஸி ஓட்டுபவராக இருந்தாலும் அப்படியே, 0.02க்குக் கீழே வர இன்னும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

இப்போது கவுன்டருக்குத் திரும்புவோம். ஒருவர் வந்து பத்து நிமிடத்தில் மூன்று ஷாட் அடித்துவிட்டு நான்காவது கேட்கிறார். அந்த நொடியில் அவர் நன்றாகத்தான் நிற்கிறார், தெளிவாகத்தான் பேசுகிறார். குடித்ததில் பெரும்பகுதி இன்னும் இரைப்பையில் இருக்கிறது. சட்டம் சொல்லும் நான்கு அடையாளங்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை, கொடுத்தாயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து அதே ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் கொடுத்தது தவறு என்று தெரிகிறது. பார்வைக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியால்தான் அனுபவமுள்ளவர்கள் ஆளைப் பார்ப்பதோடு வேகத்தையும் பார்க்கிறார்கள். சுற்று போட்டு வாங்கும் கூட்டத்துக்கு மேசைக்குத் தண்ணீர்க் குடுவை தானாக வரும், மெனு கார்டு வரும், அடுத்த ஆர்டர் எடுக்க ஆள் வர வேண்டுமென்றே தாமதமாகும். ஆஸ்திரேலியாவில் பரிமாறுபவரின் வருமானம் டிப்ஸை நம்பியில்லை, சம்பளத்தை நம்பியிருக்கிறது என்பதும் இங்கே கை கொடுக்கிறது. விற்றால்தான் சோறு என்ற நிலையில் யாருக்கும் "போதும்" என்று சொல்ல மனம் வராது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரே அளவு மது ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது போதை அதிகமாகவும், இறங்கிக்கொண்டிருக்கும்போது குறைவாகவும் தெரியும். மூளை அதற்குள் கொஞ்சம் பழகிக்கொள்கிறது. "இப்போ தெளிஞ்சிட்டேன்" என்று சாவியை எடுப்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. அளவு மட்டும் இன்னும் எல்லைக்கு மேலே இருக்கிறது.

மறுப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. நம் ஆட்கள் நடத்தும் உணவகங்களில் இது இன்னும் சிக்கல். வெள்ளைக்கார வாடிக்கையாளரிடம் மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொல்லிவிடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஊர்க்காரர், வயதில் மூத்தவர், முதலாளிக்குத் தெரிந்தவர் என்றால்?

"தம்பி, எனக்கே இல்லங்கிறியா?"

"அண்ணே, உங்களுக்குன்னு இல்ல. யாரா இருந்தாலும் இதுக்கு மேல குடுக்க முடியாது. என் கார்டு போயிடும். சூடா ஏதாவது சாப்பிடுறீங்களா, கொண்டு வரேன். போறதுக்கு டாக்ஸி சொல்லிடட்டுமா?"

இந்தப் பதிலில் பாடத்தில் சொல்லித் தருவது எல்லாமே இருக்கிறது. குடிச்சிருக்கீங்க என்ற குற்றச்சாட்டு இல்லை, விதியின் மேல் பாரத்தைப் போட்டாயிற்று, மாற்றாக ஒன்று கொடுத்தாயிற்று, வீட்டுக்குப் போகும் வழியும் சொல்லியாயிற்று. மரியாதைக்கும் குறைவில்லை. அடுத்து மேலாளரிடமும் கூட வேலை செய்பவரிடமும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் அடுத்த கவுன்டருக்குப் போவார். கூட வந்தவர் தனக்கென்று வாங்கி அவரிடம் நீட்டினால், நீட்டியவரும் சட்டத்தை மீறியவர்தான். கிளம்பச் சொல்லியும் கிளம்பாதவருக்குத் தனி அபராதம் உண்டு. வெளியேற்றப்பட்டவர் 24 மணி நேரத்துக்கு அங்கே திரும்பி வரக் கூடாது, கடையின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் 6 மணி நேரத்துக்குக் காரணமின்றி நிற்கவும் கூடாது. போதையில் இருந்தவருக்கு விற்றதாக நிரூபணமானால் அபராதம் 11,000 டாலர் வரை போகலாம். உரிமம் வைத்திருப்பவர் தப்ப வேண்டுமானால், தன் பங்குக்கு எடுக்க வேண்டிய நடவடிக்கைகளை எடுத்ததாக அவரே நிரூபிக்க வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பான சட்டம், குடித்தவருக்கு வெளியே ஏதாவது நேர்ந்தால் கடைக்காரரை நஷ்டஈடு கொடுக்க வைக்குமா? ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அந்த நாட்டில் அதுதான் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம்) இதை இரண்டு முறை பார்த்தது. முதலாவது, 1994 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சவுத் ட்வீட் ஹெட்ஸ் ரக்பி லீக் கிளப்பில் நடந்தது. காலைச் சிற்றுண்டியோடு ஷாம்பெயின் தந்த நிகழ்ச்சிக்குப் போன ஒரு பெண் பகல் முழுவதும் அங்கேயே இருந்து குடித்தார். ஒரு கட்டத்தில் கிளப் அவருக்கு விற்பதை நிறுத்திவிட்டது. மாலையில் மேலாளர் வெளியே போகச் சொல்லி, கிளப் வண்டி ஏற்பாடு செய்கிறேன், இல்லையென்றால் டாக்ஸி கூப்பிடுகிறேன் என்றார். அவர் கெட்ட வார்த்தையில் மறுத்தார். கூட இருந்த இரண்டு ஆண்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். சற்று நேரத்தில் சாலையில் கார் மோதிப் பலத்த காயம். ரத்தத்தில் 0.238 இருந்தது. 2004ல் நீதிபதிகள் நாலுக்கு இரண்டு என்று பிரிந்து கிளப் பொறுப்பில்லை என்றார்கள்.

இரண்டாவது டாஸ்மேனியாவில், 2002ல். மாலையில் குடிக்க வந்தவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கடையிலேயே பூட்டி வைத்துவிட்டு, பிறகு மனைவி வந்து கூட்டிப்போவார் என்று உரிமதாரருடன் பேசிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மனம் மாறி வண்டியைக் கேட்டார். ஓட்ட முடியுமா என்று மூன்று தடவை கேட்டும், முடியும் என்றே சொன்னார். சாவி கை மாறியது. வழியில் விபத்தில் இறந்துபோனார். 2009ல் உயர் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: விதிவிலக்கான சூழல் இல்லாதவரை, எவ்வளவு குடிப்பது என்பதும் குடித்த பின் என்ன செய்வது என்பதும் வயது வந்தவரின் சொந்தப் பொறுப்பு.

ஆக, கொடுத்ததற்கு அபராதம் உண்டு. கொடுத்ததால் குடித்தவருக்கு வந்த கேட்டுக்குப் பொதுவாக நஷ்டஈடு இல்லை. எனக்கு இது முழுதாக ஒட்டாத இரண்டு துண்டுகளாகவே படுகிறது. முடிவெடுக்கும் முன்மூளைதான் முதலில் படுத்துவிடுகிறது என்று தெரிந்துதான் போதும் என்று சொல்லும் வேலையைப் பரிமாறுபவரிடம் சட்டம் கொடுத்தது. அதே மூளை வண்டிச் சாவி கேட்கும்போது மட்டும் சுதந்திரமான மூளையாக மாறிவிடுகிறது. ஆனால் மறுபக்கமும் யோசிக்க வேண்டும்: சாவியைத் தர மறுத்திருந்தால், ஒருவரின் வண்டியை அவரிடமிருந்து எந்த அதிகாரத்தில் பிடித்துவைத்தாய் என்ற கேள்வி வந்திருக்கும். நீதிபதிகள் அதையும் எழுதினார்கள்.

நேரத்தைக் குறைத்தால் குடி குறையும் என்ற யோசனையையும் இந்த நாடு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1916ல், நியூ சவுத் வேல்ஸில் மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கே மூடச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு வேலை விட்டு வந்தவர்கள் கிடைத்த ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தவரை உள்ளே தள்ளிக்கொண்டார்கள். மணிக்கு ஒன்று என்று இறக்கும் கல்லீரலுக்கு இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. நியூ சவுத் வேல்ஸ் 1955லும், விக்டோரியா 1966லும், தெற்கு ஆஸ்திரேலியா 1967லும்தான் அதைக் கைவிட்டன. 2014ல் சிட்னியில் ஒரு புது வடிவம் வந்தது. நகரின் இரவுப் பகுதிகளில் 18 வயது இளைஞர்கள் இருவர் வெவ்வேறு சம்பவங்களில் ஒரே குத்தில் விழுந்து இறந்த பிறகு, அதிகாலை 1.30க்கு மேல் புதிதாக யாரும் உள்ளே நுழையக் கூடாது, 3 மணிக்கு மேல் மது விற்கக் கூடாது என்றார்கள். இரவு வியாபாரம் படுத்துவிட்டது என்ற எதிர்ப்பில் 2020லும் 2021லும் அது விலக்கப்பட்டது.

இந்த விதிகள் எல்லாமே இன்றைய இரவைப் பற்றியவை: அடிதடி, விபத்து, மூச்சடைப்பு. மதுவின் இன்னொரு பக்கம் கவுன்டரில் தெரியவே தெரியாது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களோடு தொடர்பு உறுதியாகியிருக்கிறது; மேலே சொன்ன அசிட்டால்டிஹைடு மரபணுவைச் சிதைப்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. கருவில் இருக்கும் குழந்தைக்கு எந்த அளவும் பாதுகாப்பில்லை. 2023 ஜூலை 31 முதல் ஆஸ்திரேலியாவில் மது பாட்டில்களில் கர்ப்பகால எச்சரிக்கை கட்டாயம்.

தினமும் குடித்துப் பழகிய ஆளின் மூளை மதுவுக்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொண்டிருக்கும். மற்றவர் தரையில் விழும் அளவில் அவர் நேராக நடந்து வந்து, தெளிவாக ஆர்டர் கொடுத்து, கார்டைச் சரியாகத் தட்டுவார். பேச்சு, சமநிலை, ஒத்திசைவு, நடத்தை நான்கிலும் பாஸ். கல்லீரல் இறுகிக்கொண்டிருப்பது அவருக்கே தெரியாது. திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரை போகும் என்பதால் நிறுத்துவதைக்கூட மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டியிருக்கும். நாளைக்கும் அதே நேரத்துக்கு அவர் வருவார். போதையின் அடையாளம் தெரியாதவரை, ஆர்எஸ்ஏ பாடத்தின்படி அவருக்கு மறுக்கக் காரணம் எதுவும் இல்லை.